பயனடைந்தோர் கூறுகிறார்கள்

‘பட்டுப் போன்ற பாதம்’ என்று எழுதிய தெய்வநாயகம் மறுநிமிடமே அதை அடித்தார். பட்டு என்றால் பெண்களுக்குப் புடவை ஞாபகம் வரும், புடவை ஞாபகம் வந்தால் போன தீபாவளிக்கு எடுத்துத் தராதது ஞாபகம் வரும், அந்தக் கோபத்தில் எவள் களிம்பு வாங்குவாள். ‘தாமரைப் பாதம்’ என்று எழுதினார். அதையும் அடித்தார். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் இந்த நாற்பத்தொன்பது வயதில் அவர் நடந்து திரிந்ததில் தாமரைப் பாதத்தோடு ஒருத்தியும் எதிரே வந்ததில்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவளுக்குப் பித்தவெடிப்புக் களிம்பு எதற்கு. ‘வெடிப்பு’ என்ற சொல்லைத் தலைப்பில் போடலாமா கூடாதா என்பது தனி வழக்கு. போட்டால் எங்கோ குண்டு வெடித்த செய்தி மாதிரி இருக்கிறது, போடாவிட்டால் எதற்கான களிம்பு என்று தெரியாமல் எவராவது பல்லில் தேய்த்துவிடுவார்கள். அது கிடக்கட்டும், சங்கரன்கோவிலை ஏன் இழுத்தோம் என்று யோசித்தார், அது மச்சினன் இருக்கிற ஊர். பன்னிரண்டே கால் பஸ். சுவரில் மணி பத்து ஐம்பது. கீழே அச்சு இயந்திரம் ஓடுகிற அதிர்வில் மேஜைமேல் இருந்த டம்ளர் தானாக ஓர் அங்குலம் நகர்ந்தது, அதைப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்து வெள்ளைத் தாளில் அவர் மனைவி ஆவுடை தன் குண்டுகுண்டான எழுத்தில், ‘12.15 பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாதம் குக்கரில் இருக்கிறது. குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தாள். காலையில் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அதைக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருந்தாள், அரைநாள் வேலை முடித்து அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற திட்டம். எப்போது திரும்பி வருவாள் என்று அதில் இல்லை. நோட்டீஸ் எழுதுகிற தொழில்காரரான அவர் முதலில் பார்த்தது அதைத்தான். கடைசித் தேதி போடாத அறிவிப்பு.

‘இயற்கை’ போடலாம். இயற்கை எல்லாவற்றுக்கும் போடுகிற உப்பு, போட்டால் தெரியாது, போடாவிட்டால் கேட்பார்கள். ‘அபூர்வ மூலிகைகள்’ என்பதற்கு முன்னால் ஓர் எண் வேண்டும். பதினெட்டு என்றால் சித்தர்கள் நினைவுக்கு வருவார்கள், நல்லதுதான், ஆனால் எதிர்க்கடைக்காரன் ஏற்கெனவே இருபத்தொன்று போட்டுவிட்டான். ‘பக்க விளைவுகள் அற்றது’ என்பதைப் போடும்போதெல்லாம் நேர் விளைவும் கிடையாதே என்று அவருக்குள் ஒருவன் முணுமுணுப்பான், அவனை அவர் பதினைந்து வருஷமாக அதட்டி உட்கார வைத்திருக்கிறார். ‘உண்மையான’ என்று எழுதவே கூடாது, எழுதினால் இத்தனை நாள் பொய்யா என்று கேட்பார்கள். ‘நம்பிக்கை’யைச் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள். ‘முற்றிலும்’ என்றால் வாசிக்கிறவன் புருவம் தூக்குகிறான். சொல்லுக்கும் வயதாகிறது, பல் விழுகிறது, அப்புறம் எந்த நோட்டீஸில் உட்கார வைத்தாலும் தூங்கி வழிகிறது. இதெல்லாம் தெய்வநாயகத்துக்கு அத்துப்படி. ஒரு சொல்லை விரலால் தட்டிப் பார்த்தே அது விற்குமா விற்காதா என்று சொல்லிவிடுவார் என்று அச்சாபீஸில் பேர். அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத்தான் ஆறு நாளாக வீட்டுக்குள் ஒரு சொல் கிடைக்கவில்லை. பொண்டாட்டி பேசவில்லை என்பது எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான், அவருக்கும் தெரியும். ஆனால் ஆவுடை கோபத்தில் பேசாமல் இருக்கிறவள் கிடையாது. கோபம் வந்தால் அரை மணி நேரம் நன்றாகப் பேசித் தீர்த்துவிட்டு, என்ன காய் வாங்கி வந்தீர்கள் என்று பையைத் திறந்து பார்க்கிறவள். இந்த மௌனம் புதுச் சரக்கு, எந்த மூலிகையில் செய்தது என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

தப்பு அவருடையதுதான். அதிலும் அவர் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நோட்டீஸ் என்றால் அதில் ‘பயனடைந்தோர் கூறுகிறார்கள்’ என்று ஒரு பகுதி வேண்டும், பகுதி என்றால் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆள். அந்த ஆட்களை உண்டாக்குவதற்குத் தெய்வநாயகம் ஒரு முறை வைத்திருந்தார். பெயரை ஒரு கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுப்பார், இனிஷியலை வேறொரு பத்திரிகையிலிருந்து, ஊரை ஏதாவது பஸ்ஸின் நெற்றியிலிருந்து. மூன்றையும் சேர்த்தால் உலகத்தில் இல்லாத ஒருவர் கிடைப்பார், எந்த வம்பும் வராது. அதற்கென்று நீளமான நோட்டு ஒன்று உண்டு. இப்படி அவர் கையால் முந்நூறு பேராவது பிறந்து, நோய்ப்பட்டு, குணமாகியிருப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் இருந்தார், முதலில் முட்டுவலி, மறு வருஷம் கவனக்குறைவாக மூலம், இரண்டிலிருந்தும் தப்பித்துவிட்டார், அவர்மேல் தெய்வநாயகத்துக்குத் தனிப் பிரியம். போன மாதம் மருந்துக்கடை பால்துரை அண்ணாச்சியின் குறட்டைத் தைலத்துக்கு நோட்டீஸ் அடித்தபோது கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. ஐந்து பேர்தான் குணமாகியிருந்தார்கள். பேர் எழுதிய நோட்டு வீட்டில். கீழே இயந்திரம் சும்மா நிற்கிறது. கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற ஜெபா படியில் பாதி ஏறி வந்து, “அண்ணே, ஆறாவது பாக்ஸ் காலியா இருக்கு, சீக்கிரம் ஒரு ஆளைக் குடுங்க” என்றாள். நாலே நிமிஷம். சாதாரணமாக ஒரு கட்டத்துக்கு இரண்டு நாள் மல்லுக்கட்டுகிற மனுஷர் அன்றைக்குப் பேனாவை வைத்தார், அது பாட்டுக்கு ஓடியது. எழுதியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்து மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

‘நான் குறட்டை விடுவது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் கணவருக்கு மட்டும்தான். பத்தொன்பது வருடமாக அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூங்குகிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு விடியும் வரை படுத்திருப்பார். ஒரு நாள் அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதைப் பார்த்துக் கேட்டேன், அப்போதும் வெயில் என்றார். சுகநித்திரைத் தைலம், மூக்கில் இரண்டே சொட்டு. இப்போது இரண்டு பேரும் தூங்குகிறோம். திருமதி தெ. ஆவுடை, பாளையங்கோட்டை.’ இதில் தைலத்தைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். தெய்வநாயகம் வாழ்க்கையில் எழுதிய ஒரே நிஜம், அதை எழுதினோம் என்று அவருக்கே தெரியாது. நோட்டீஸைச் செய்தித்தாளுக்குள் செருகி வீடு வீடாகப் போட்டார்கள். ஆவுடைக்கு ஒரு பழக்கம், கீரை ஆயும்போது கீழே விரித்த தாளை எழுத்து விடாமல் வாசிப்பாள். ஆறு நாளைக்கு முன்னால் அப்படித்தான் தண்டைக் கிள்ளிக்கொண்டே ராணுவ வீரரை வாசித்தாள், கடையநல்லூர்க்காரரை வாசித்தாள், ஆறாவது கட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து சவரம் பண்ணிக்கொண்டிருந்தார், கண்ணாடியில் அவள் தெரிந்தாள். கிள்ளிய தண்டு கையிலேயே இருந்தது. அந்த நேரத்தில் பார்த்துத்தானா எதிர்வீட்டு மரியபுஷ்பம் வாசலில் வந்து நிற்க வேண்டும். “யக்கா, அந்த எண்ணெ நமக்கும் ஒரு பாட்டில் சொல்லுங்க, எங்க வீட்டுல அவரு ஒரே அறுப்பு” என்று அவள் கேட்டாள், ஆவுடை நிமிராமல், “எங்க வீட்டு ஆளுகிட்டயே கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றாள். அதுதான் கடைசி. அதற்கப்புறம் அவரிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை. தட்டு வரும், சோறு வரும், கேட்காமலே மோர் வரும். அவளுடைய குரல் மட்டும் வராது.

மணி பதினொன்று பத்து. போன் அடித்தது, அவளாக இருக்குமோ என்று எடுத்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. பால்துரை அண்ணாச்சி. “என்னவே தெய்வநாயகம், முடிஞ்சுதா? பன்னெண்டுக்கு மெஷின்ல ஏறணும் பாத்துக்கிடும்.” ஏறிவிடும் அண்ணாச்சி என்றார். “அந்த ஆவுடை அம்மாவை இதுலயும் போட்டுரும். தைலம் சரக்கு தீந்து போச்சுவே. கடைக்கு வாரவன் எல்லாம் அந்தம்மா சொன்ன எண்ணெயத் தாங்கன்னு கேக்கான். எனக்கே மனசு கேக்கலை, எம்பொண்டாட்டிகிட்டப் போயி, ஏட்டி நான் குறட்டை விடுதனா, எதுன்னாலும் சொல்லுட்டின்னு கேட்டுட்டேன்.” என்ன சொன்னாங்க என்று தெய்வநாயகம் கேட்டார். “அத விடும். அந்தம்மாவுக்குப் பித்தவெடிப்பு இருக்கும்லா? இல்லன்னாலும் இருக்கட்டும். களிம்பு போட்டுக் குணமாச்சுன்னு அதே மாதிரி எழுதச் சொல்லும். புதுக் கடை தெறப்புக்கு அந்தம்மாளக் கூட்டிட்டு வாரும், ஒரு பொன்னாடை போத்திருவோம். போட்டாவும் எடுத்துரலாம்.” அந்தம்மா யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. சரி அண்ணாச்சி என்று அவர் சொல்லிவிட்டார். சரி என்பது தெய்வநாயகத்தின் வாயில் தானாக ஊறுகிற சொல். ஆவுடையின் பாதம் கண்முன் வந்தது. அவள் குதிகாலில் வெடிப்பு உண்டு, இடது காலில் மூன்று கோடு, பின்பனிக்காலத்தில் நாலு. அதையும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேனா தாளைப் பார்த்துச் சாய்ந்தது, ‘என் கால்களை வெளியே காட்டவே’ என்று அதுவாகவே தொடங்கிவிட்டது, ஐயையோ என்று அதைத் தூக்கி மேஜையின் மறுகோடியில் போட்டார். பேனாவைப் பார்த்துப் பயப்படுகிற நிலைமை எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

களிம்பு இருக்கட்டும், முதலில் அவளுக்குச் செய்தி. போனை எடுத்து எழுதினார். ‘அன்புள்ள ஆவுடைக்கு.’ பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு அன்புள்ள என்று எழுதியதில்லை, பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறிவிடுவாள். அழித்தார். ‘நடந்ததற்கு வருந்துகிறேன்.’ மின்வாரியத்துக்காரன் மரக்கிளை வெட்டும்போது வருந்துகிற வருத்தம் இது. அழித்தார். ‘மனப்பூர்வமாக வருந்துகிறேன்.’ இப்போது மின்வாரியத்து மேலதிகாரி வருந்துகிறார். ‘உன் குறட்டை எனக்குச் சங்கீதம்.’ பச்சைப் பொய், அவளுக்குத் தெரிந்துவிடும். அது சங்கீதம் இல்லை, மாவு மில்லில் பட்டை வழுக்கி ஓடுகிற சத்தம், நடுவில் ஒரு நிறுத்தம் வேறு வரும், அந்த நிறுத்தத்தில் இவர் எழுந்து உட்கார்ந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்த நாட்கள் உண்டு. ‘நீ இல்லாத வீடு வீடல்ல.’ இதை ஒரு மனை விற்பனைக் கம்பெனிக்கு அவரே எழுதியிருக்கிறார், ‘நீ’க்குப் பதில் ‘பட்டா’. ‘போகாதே.’ இது நன்றாக இருந்தது. சின்னதாக, சுத்தமாக இருந்தது. ஆனால் இல்லை, கூடாது, வேண்டாம் என்று தலைப்பு வைத்தால் வாசிக்கிறவன் மூஞ்சியில் கதவைச் சாத்துவது மாதிரி என்று அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். ‘இன்னைக்கு மட்டும் போகாத’ என்று திருத்தினார். திருத்திவிட்டுப் பார்த்தால் இன்று ஒரு நாள் மட்டும், ஆடித் தள்ளுபடி. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் சின்னப்பையன்தனம், சேர்க்காவிட்டால் அதிகாரம். விரல் வியர்த்து எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன.

மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். எதற்கு மன்னிக்க வேண்டும் என்று கேட்டால்? குறட்டை விடுவாய் என்று ஊருக்குச் சொன்னதற்கா, உனக்குச் சொல்லாததற்கா. இங்கேதான் நினைப்பு வந்து வந்து மாட்டிக்கொண்டது, சட்டை நுனி ஆணியில் மாட்டுகிற மாதிரி. கல்யாணம் ஆன முதல் வாரம், புது இடம், சளி பிடித்திருக்கும் என்று நினைத்தார். இரண்டாவது வாரம் சொல்ல வாயெடுத்தார், அப்போது பார்த்து அவள், நீங்க நல்லாத் தூங்குதிய, எங்க அப்பாவுக்கெல்லாம் தூக்கமே வராது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது. ஒரு வாரத்தில் சொல்லாததை ஒரு மாதத்தில் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வரும், ஒரு மாதத்தில் சொல்லாததை ஒரு வருஷத்தில் சொல்லவே முடியாது. பையன் பிறந்தான், வளர்ந்தான், ஓசூருக்கு வேலைக்கே போய்விட்டான், விஷயம் அப்படியே கிடந்தது. நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். இப்போது நினைத்தால் நல்லதா என்று தெரியவில்லை. ஆவுடை ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். அங்கே மற்ற பெண்கள் எல்லாம் ஊசியை மறைத்துக்கொண்டு, எறும்பு கடிச்ச மாதிரிதான் என்று சொல்வார்கள். இவள் சொல்ல மாட்டாள். “வலிக்கும். பத்து எண்ணுங்க, முடிஞ்சிரும்” என்பாள். அவளிடம்தான் வரிசையில் கூட்டம் அதிகம், பச்சைப் பிள்ளைகூட அவளிடம்தான் கையை நீட்டும். அப்படிப்பட்டவளைப் பத்தொன்பது வருஷம் எறும்பு கடித்த மாதிரிதான் என்று ஏமாற்றி வைத்திருந்தவர் அவர். இப்போது அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் நல்ல மனுஷன், அதுதான் பயமே. ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டான். வந்துட்டியா, சரி என்று ஒரு கட்டிலை நகர்த்திப் போடுவான். கேட்கிற ஆள் இருந்தால் அழுது தீர்த்துவிட்டு நாலாம் நாள் கிளம்பி வந்துவிடலாம். கேட்காத வீட்டில் ஒருத்தி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிடலாம். வீட்டில் தான் மட்டும் தனியாகக் குழம்பைச் சூடு பண்ணுவதைத் தெய்வநாயகம் நினைத்துப் பார்த்தார். சூடு பண்ணி, தட்டில் ஊற்றி, யாரிடம் உப்பு குறைச்சல் என்று சொல்வது. வெளிப்படையாகச் சொன்னால், அவள் இல்லாமல் தன்னால் முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது, அதற்கு ஒரு வாசகம் மட்டும் அகப்படவில்லை.

“அண்ணே, மேட்டர்” என்று எழுதிய தாளைக் கேட்டு ஜெபா வந்து நின்றாள். மணி பதினொன்று ஐம்பது. தாளில் தலைப்புக்கான இடத்தில் அடித்த கோடுகள்தான் இருந்தன, நடுவே ஒரு ‘குதிகால்’ மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது, அதையே தலைப்பாக விட்டுவிட்டார். ஆறு கட்டத்தில் ஐந்தை, இந்தத் தடவை மறக்காமல் கொண்டுவந்த நோட்டைப் பார்த்து நிரப்பியிருந்தார். “அந்த ஆவுடை அம்மாதானே ஆறாவது?” என்று ஜெபா கேட்டாள். “எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன் அண்ணே, அழுதுட்டாங்க. எங்க அப்பா இருந்தவரைக்கும் அம்மா வாயைத் திறந்தாலே திட்டுவாரு. இப்படி ஒரு மனுஷன் பேசாமப் படுத்திருந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தம்மாவை உங்களுக்கு நேர்ல தெரியுமா?” தெரியும் என்று சொல்ல வந்து, தெரியாது என்று சொல்ல வந்து, இரண்டும் சரியில்லாமல், “அவங்க இனிமே எழுத மாட்டாங்க” என்றார். ஏன் என்று கேட்டாள். “எழுத மாட்டாங்க, அவ்வளவுதான். அந்தக் கட்டத்துல கடை அட்ரஸைப் பெருசாப் போட்டுரு.” அண்ணாச்சி திட்டுவார் அண்ணே என்றாள். திட்டட்டும் என்றார் தெய்வநாயகம், தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெபா தாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம், பாலத்தில் நெரிசல் என்றால் முப்பது, போய் ஜன்னலோரம் நின்று என்ன சொல்வது, கையில் சொல் இல்லாமல் போய் நிற்பதற்கு இங்கேயே நிற்கலாம். மேஜைமேல் டம்ளர் மறுபடி நகர்ந்து விளிம்புக்கு வந்திருந்தது, அதை யாரும் பிடிக்கவில்லை, அதுவும் விழவில்லை. போனைத் திறந்தார். எந்தச் சொல் எடுபடும் எது எடுபடாது என்று தட்டிப் பார்க்க நேரமில்லை. ‘எங்க இருக்க’ என்று அடித்தார். கேள்விக்குறிகூடப் போடவில்லை. அனுப்பிவிட்டார். இரண்டு கோடு நீலமானது, பார்த்துவிட்டாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. பால் வாங்க வேண்டும், காஸ் புக் பண்ண வேண்டும், செருப்பு வார் அறுகிற மாதிரி இருக்கிறது, நீலமாகி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது, பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது, ஒருவேளை பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மாளிடம் காட்டிச் சிரிக்கிறாளோ, ஆவுடை அப்படிச் செய்ய மாட்டாள், பையன் ஓசூரிலிருந்து பொங்கலுக்கு வந்து அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைப்பு நாலு பக்கமும் சிதறி ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவளேதான்.

“பஸ்ஸுல இருக்கேன்” என்றாள் ஆவுடை. ஆறு நாளைக்கப்புறம் அவள் குரல். பின்னால் யாரோ கடலை விற்றுக்கொண்டு போனார்கள்.

“சரி” என்றார். வழக்கமாக ஊறுகிற சொல்தான், இந்தத் தடவை கஷ்டப்பட்டு வந்தது.

“ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுப் போறேன். ஊருக்குத் தெரிஞ்சதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. குறட்டை விடுதவ உலகத்துல நான் ஒருத்தியா. பத்தொம்பது வருசம் பக்கத்துல படுத்துக்கிட்டு முழிச்சுக் கெடந்திருக்கிய, எனக்குத் தெரியாது. நீங்க நல்லாத் தூங்குதியன்னு நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். வேற என்னத்தயெல்லாம் சொல்லாம வச்சிருக்கிய?”

தெய்வநாயகம் யோசித்தார். அழகாக ஒன்றும் வரவில்லை. “உங்க அண்ணன் வீட்டுக் காப்பி எனக்குப் பிடிக்காது” என்றார்.

“அது யாருக்குத்தான் பிடிக்கும். வேற?”

“உன் கால்ல பித்தவெடிப்பு இருக்கு. இடது கால்ல மூணு.”

“அது எனக்கே தெரியும். வேற?”

“வேற இல்ல ஆவுடை. நிஜமாவே இல்ல. இதுதான் பெருசு. சொல்லியிருக்கணும். நீ சந்தோசமா இருந்த, எப்படிச் சொல்லன்னு தெரியல. அப்புறம் சொல்ல முடியாமயே போச்சு.” சொல்லி முடித்த பிறகுதான் அதில் ஒரு சொல்லைக்கூடத் தான் தேர்ந்தெடுக்கவில்லை என்று தெரிந்தது. “நீ?” என்றார், சும்மா பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று. “நீ எதையும் சொல்லாம வைக்கிற ஆளு இல்ல. ஊசி குத்தும்போதே வலிக்கும்னு சொல்லுதவ.”

பஸ்ஸில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

“ஒண்ணு இருக்கு” என்றாள். “சொன்னா வருத்தப்படுவிய.”

“சொல்லு.”

“நீங்க தூக்கத்துல பேசுவிய.”

“நானா?”

“முழிச்சுக் கெடந்தேன்னு எழுதுனிய, எல்லா நாளுமா முழிச்சுக் கெடந்திய? நடுச்சாமத்துக்கு மேல அசந்துருவிய. அப்ப பேசுவிய. யாரோ வாசல்ல நிக்கிற மாதிரி. ‘ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்கம்மா, ஒண்ணாவது வாங்கிப் பாருங்கம்மா’ன்னு கெஞ்சுவிய.”

“என்னத்த விப்பேன்?”

“அது தெரியாது. ஒரு நாளும் சாமான் பேரு சொன்னதில்ல. சும்மா வாங்குங்கம்மா, வாங்குங்கம்மான்னுதான். முதல்ல நான் பேசாமக் கெடந்தேன். விடிய விடியக் கெஞ்சினிய, கேக்கவே பாவமா இருந்துச்சு. மறுநாள், சரி ஒண்ணு குடுங்கன்னு சொல்லிப் பாத்தேன். அம்மாடின்னு ஒரு மூச்சு விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிட்டிய. அதுலேந்து கேட்ட அன்னைக்கெல்லாம் வாங்கிக்கிடுதேன்.”

எழுதின நோட்டீஸ், உண்டாக்கின ஆட்கள், தட்டிப் பார்த்த சொல் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அவருக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. “இந்த ஆறு நாளும் கேட்டேனா?”

“கேக்காம? தெனமும்தான்.”

“நீ என்ன பண்ணின?”

“என்ன பண்ணுவேன், வாங்கினேன்” என்றாள் ஆவுடை. “பேசலைன்னா வாங்கக் கூடாதா?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார், கீழே இயந்திரம் ஓடத் தொடங்கித் தரை அதிர்ந்தது. அந்தப் பக்கம் பஸ் கிளம்ப விசில் ஊதினார்கள். இன்னைக்கு ராத்திரி கேட்டியன்னா யாரு இருக்கா என்று அவள் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னது காதில் விழுந்தது, அப்புறம் பையை இழுக்கிற சத்தம், கொஞ்சம் நகருங்கக்கா என்று யாரிடமோ சொல்வது.

“இருங்க” என்றாள். “எறங்கிட்டுப் பேசுதேன்.”